முதலாளி கையெழுத்து இடும் இடம்

பெசமர், அலபாமா
மார்ச் 9, 2014

அன்புள்ள தம்பி டெல்மாருக்கு,

நெட்டா எழுதுகிறேன். கர்த்தர் புண்ணியத்தில் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. உன் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது? சிறை டாக்டர் பார்த்தாரா, இல்லை வழக்கம்போல ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பிவிட்டாரா?

பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டேன். பத்தொன்பது வருடம் பார்த்த வேலை. பிப்ரவரியில் ஒரு காலை நான் வேலைக்குப் போன பிறகு, அப்பா பைஜாமாவோடு, தலையில் அந்தப் பழைய மஞ்சள் தொப்பியோடு, தான் வேலை பார்த்த, குழாய் வார்க்கும் ஃபவுண்டரி வாசலில் போய் நின்றிருக்கிறார். அதை இழுத்து மூடி எட்டு வருடம் ஆகிறது. பூட்டிய கேட்டைத் தட்டி, "திறங்கடா, ஷிஃப்ட் ஆரம்பிச்சாச்சு" என்று கத்தியிருக்கிறார். போலீஸ்காரர் வண்டியில் கொண்டுவந்து விட்டார். இனி அவரைத் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறதி நோய்தான், டெல்மார். அதற்கு வேறு பெயர் தேடிப் பிரயோஜனம் இல்லை.

சர்ச்சில் பாலின் அக்காதான் வழி சொன்னாள். "பெத்த அப்பாவைப் பாத்துக்கிறதுக்கு அரசாங்கமே சம்பளம் தருது, நெட்டா. வெக்கப்படாம போய்க் கேளு." கேட்டேன். மிஸ் ஹண்ட்லி என்ற பெண் அலுவலகத்திலிருந்து வந்தாள். அவர்கள் திட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சம்பளம் அரசாங்கத்துடையது, ஆனால் முதலாளி நோயாளிதான். வேலைக்கு எடுப்பது அவர், நீக்குவது அவர், வாரா வாரம் டைம் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதும் அவர்.

"மிஸ்டர் டில்லரி, நீங்கதான் முதலாளி. இவங்க உங்ககிட்ட வேலை செய்றவங்க" என்று அவள் சொன்னதுதான் தாமதம், அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எத்தனை மாதம் கழித்து அப்படி உட்கார்ந்தார் தெரியுமா! என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்த?"

"பள்ளிக்கூடச் சமையல், அப்பா."

"சார்னு சொல்லு. நாலு நிமிஷம் லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் போச்சு. சம்மதமா?"

மிஸ் ஹண்ட்லி சிரித்தாள், நானும் சிரித்தேன். படிவத்தில் ராஸ்கோ டில்லரி என்று அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாரம் முப்பது மணி நேரத்துக்குத்தான் சம்பளம். மீதி நேரம் மகள் கணக்கு.

பல்லைப் பார்த்துக்கொள். உனக்காக ஜெபிக்கிறேன்.

உன் அக்கா,
வெர்னெட்டா


மார்ச் 30, 2014

பிரியமுள்ள நெட்டா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். பல்லைப் பிடுங்க ஆகஸ்டில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை இடது பக்கம் மெல்லுகிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சலவைக்கூடத்தில் எனக்கு இன்னும் அதே வேலைதான்.

அந்த நாலு நிமிஷத்தைப் படித்ததும் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். அந்த அரை நாளை இழந்தவன் நான்தானே! அந்த ஃபவுண்டரியில் கறுப்பர்களில் முதல் ஃபோர்மேன் அவர். சொந்த மகனுக்குச் சலுகை காட்டினான் என்று ஒரு வாய் பேசிவிடக்கூடாது என்று என்னிடம் மட்டும் கடிகாரத்தை இரண்டு தடவை பார்ப்பார்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

கேட்க எனக்குத் தகுதி இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது நான். செத்தது அப்பாவின் பழைய குழுவில் இருந்த மிஸ்டர் க்ளீட்டஸ். அவர் ஓய்வு பெற அப்போது இரண்டு மாதம்தான் இருந்தது. கோர்ட்டில் அப்பா நம் பக்கம் உட்காரவில்லை, க்ளீட்டஸ் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அது சரிதான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பது வருடமாக நான் அவருக்கு எழுதிய ஒவ்வொரு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தது. எதையெதையோ மறக்கிறார் என்கிறாய். கோபத்தையும் எங்கேயாவது தவறவிட்டிருப்பாரோ என்று ஒரு நப்பாசை.

கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுது. தாங்கிக்கொள்வேன்.

உன் தம்பி,
டெல்மார்


மே 18, 2014

அன்புள்ள டெல்மாருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் தேவலாம். அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஒரு டம்ளர் மோரில் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஸ்பூனால் அள்ளித் தின்கிறார், மூன்று வேளையும் கொடுத்தாலும் சரி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்ட அன்றைக்கே உனக்கு எழுதுவேன். இது சத்தியம்.

போன செவ்வாய்க்கிழமை என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். கஞ்சியில் கட்டி இருந்ததாம். "இது கஞ்சியா, காரையா? கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு." எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை. பின்கதவு வழியாக வெளியே போய், சுற்றிவந்து முன்கதவைத் தட்டினேன்.

"என்ன வேணும்?"

"இங்க வேலை காலியா இருக்குன்னு சொன்னாங்க சார்."

"நல்ல நேரத்துல வந்த. இப்பதான் ஒருத்திய அனுப்பினேன். சுத்த சோம்பேறி."

பாலின் அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்று நகம் வெட்டிவிடும்போது மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, உனக்குக் குடும்பம் இருக்கா? அப்பா அம்மா உயிரோட இருக்காங்களா?"

அப்பா மட்டும் இருக்கிறார் என்றேன்.

"அவரைப் போய்ப் பாத்துக்கோ. வேலை வேலைன்னு இருந்துடாத" என்றார்.

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னை நெட்டா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், டெல்மார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நோய்தான் காரணம் என்கிறார் டாக்டர். எனக்கு என்னவோ சம்பளத்துக்காக மகளை விற்றுவிட்டது போல இருக்கிறது.

கவலைப்படாதே. சாப்பாட்டைக் குறைக்காதே.

வெர்னெட்டா


ஜூன் 8, 2014

பிரியமுள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ வேலை போய் வேலை கிடைத்த கதையை இங்கே எல்லோரிடமும் சொன்னேன். சலவைக்கூடத்தில் என்னைப் பார்க்கிறவனெல்லாம் "உங்க அக்காவுக்கு இன்னும் வேலை இருக்கா?" என்று விசாரிக்கிறான். அடுத்ததாக என்ன நடந்தது என்று கட்டாயம் எழுது.

உன்னை மறந்தாலும் உன் கையால்தான் சாப்பிடுகிறார். அதை நினைத்துக்கொள். மனம் விட்டுப்போகாதே.

கேட்ட அன்றைக்கே எழுதுவேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி இருக்கிற துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து வைக்கிறேன். எனக்கு இங்கே காத்திருக்க ஒன்று கிடைத்தது. சும்மா காத்திருப்பதை விட அது மேல்.

டெல்மார்


அக்டோபர் 26, 2014

அன்புள்ள டெல்மாருக்கு,

நீ எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. நாலரை மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது என்று படித்தேன். ஆறிவிட்டதா? உப்புத் தண்ணீரில் கொப்பளி.

எழுத நேரம் இல்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, விரிப்பைத் துவைப்பது. மறுபடியும் விரிப்பைத் துவைப்பது. உனக்குத்தான் சலவை வேலை என்று நினைத்துக்கொள்ளாதே. ஜூலையிலிருந்து இதுவரை ஐந்து தடவை வேலையை விட்டு நீக்கிவிட்டார். பின்கதவும் முன்கதவும் பழகிவிட்டது.

இந்த மாதம் டைம் ஷீட் ஒன்று திரும்பி வந்துவிட்டது. கையெழுத்துப் போடச் சொன்னால் அப்பா கூடவே ஏதோ கிறுக்கிவைத்துவிட்டார். நான் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். அலுவலகத்தில் சிவப்பு முத்திரை குத்தித் திருப்பிவிட்டார்கள். புதிதாக எழுதி அனுப்பினேன், சம்பளம் இரண்டு வாரம் தள்ளி வந்தது. இனிமேல் பாலின் அக்கா அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடலாம் என்று மிஸ் ஹண்ட்லி ஏற்பாடு செய்திருக்கிறாள். வேலை செய்கிற நானே என் தாளில் கையெழுத்துப் போடக்கூடாதாம்.

மத்தியானம் மூன்று மணி ஆனால் முன் அறை ஜன்னலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஷிஃப்ட் விடுகிற நேரமாம். நாலு மணி வரைக்கும் அசைவதில்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குளிர் வருகிறது, காலுறை போட்டுக்கொள்.

வெர்னெட்டா


நவம்பர் 16, 2014

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைக் கண்டதும்தான் உயிர் வந்தது. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோயிருந்தேன். பல் இருந்த இடம் ஆறிவிட்டது. நாக்கு மட்டும் இன்னும் அந்தப் பள்ளத்தைத் தேடிப் போகிறது.

அக்கா, ஜன்னலில் யாருக்காகக் காத்திருக்கிறார்? அம்மாவுக்கா? அம்மா ஒருநாளும் மூன்று மணிக்கு வந்ததில்லையே. மூன்று மணிக்கு ஃபவுண்டரியிலிருந்து வருகிறவன் நான்தான். அவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார்.

தப்பாக நினைக்காதே. அவர் என்னைக் கேட்டாரா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் உன் கடிதத்தில் பதிலே இல்லை. நாலு தடவை படித்துவிட்டேன்.

இன்னொன்று. வீட்டுத் தொலைபேசியில் சிறை அழைப்பு வரக்கூடாது என்று அப்பா தடை போட்டு வைத்திருக்கிறாரே, அதை எடுக்க முடியுமா? நான் பேசக்கூட வேண்டாம். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசு, பின்னால் அவர் இருமினால்கூட எனக்குப் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டெல்மார்


டிசம்பர் 21, 2014

டெல்மாருக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன் கணக்கில் இருபது டாலர் போட்டிருக்கிறேன், ஏதாவது இனிப்பு வாங்கிச் சாப்பிடு.

ஃபோன் வேண்டாம். அவரைக் குழப்பிவிடும். ஜன்னலில் அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, வெறுமனே தெருவைப் பார்க்கிறார்.

கேள்வி கேட்பது உனக்கு லேசாக இருக்கிறது. நேற்று குளிப்பாட்டும்போது என் கையை அடித்தார், மணிக்கட்டு வீங்கிவிட்டது. மூன்று வேளைச் சாப்பாடு, படுக்கை, சலவை எல்லாம் உனக்கு நேரத்துக்கு நடக்கிறது. நெட்டா எப்படி இருக்கிறாள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

வெர்னெட்டா


ஜனவரி 18, 2015

பிரியமுள்ள நெட்டா அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா? முழங்கால்? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வழக்கத்துக்குக் கேட்டுவிட்டு நேராக என் விஷயத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு.

நீ சொன்னது சரி. நான் இனிக் கேட்க மாட்டேன். சட்டைப் பையில் இருந்த துண்டையும் எடுத்து உன் மற்ற கடிதங்களோடு வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம். அப்பாவுக்கு நகம் வெட்டும்போது இடது கட்டைவிரலைப் பார்த்து வெட்டு. அந்த நகத்துக்குக் கீழே சதை கோணலாக வளர்ந்திருக்கும், கொஞ்சம் ஆழமாகப் போனாலும் ரத்தம் வரும். எண்பத்தொன்பதில் ஃபவுண்டரியில் இரும்பு வார்க்கும் ஒரு அச்சுப்பெட்டி சங்கிலியிலிருந்து நழுவி என் கை மேல் விழப் பார்த்தது. அவர் தன் கையைக் குறுக்கே வைத்தார். வீட்டில் கதவில் நசுங்கியது என்று சொல்லச் சொன்னார், அம்மா பயப்படுவாளாம். நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உனக்குத் தெரிந்தால்தான் நல்லது.

இருபது டாலருக்கு நன்றி. பாதாம் சாக்லேட் வாங்கினேன்.

டெல்மார்


மார்ச் 1, 2015

என் தம்பி டெல்மாருக்கு,

நலமா என்று கேட்கிற முகம் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

ஆறு வாரமாக அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி முடியாது.

அப்பா உன்னைக் கேட்கிறார். செப்டம்பரிலிருந்து ஒரு நாள் தவறாமல் கேட்டார். மூன்று மணிக்கு ஜன்னலில் உட்காருவது உனக்காகத்தான். அவருக்கு க்ளீட்டஸ் ஞாபகம் இல்லை, கோர்ட் ஞாபகம் இல்லை. நீ இன்னும் ஃபவுண்டரியில் இருக்கிறாய், அவ்வளவுதான்.

"டெல்மார் வந்துட்டானா?"

"இன்னும் இல்ல சார். டபுள் ஷிஃப்ட் போட்டுட்டாங்க."

"பாவம் அவன். அவன் தட்டை மூடி வை. சூடு போகாம பாத்துக்கோ."

தினமும் இரண்டு தட்டு போட்டு, ஒன்றை மூடி வைத்தேன். நாலு மணிக்கு அவர் மறந்த பிறகு அந்தத் தட்டில் நான் சாப்பிட்டேன். உன் பெயரில் மூடி வைத்த சாப்பாடு, டெல்மார்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். முதல் நாள் எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது அவர் சமையலறைக்கு வந்து, "ஏம்மா, என் பையன் வந்ததும் உனக்கு இங்க வேலை இருக்காது, வேற இடம் பாத்துக்கோ. அவன் என்னைப் பாத்துப்பான்" என்றார். நான் பேனாவை மூடிவிட்டேன். அவருக்கு மலம் துடைக்கிறவள் நான். நான் அவருக்கு யாரோ ஒருத்தி. ஒன்பது வருடம் அவர் வாயால் பெயர்கூடச் சொல்லாத நீ அவருக்கு மகன். எனக்குக் கிடைக்காததை உனக்கு ஏன் என் கையாலேயே எடுத்து அனுப்ப வேண்டும் என்று இருந்தது. பொறாமைதான், வேறு என்ன? அப்புறம் நாள் ஆக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாயே என்ற பயம். சத்தியம் செய்து எழுதினேனே, அந்த வெட்கம்.

நேற்று ஃபோன் தடையை எடுத்துவிட்டேன். பாலின் அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவருக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, பேச்சு குறைந்துவிட்டது. படுக்கையை ஜன்னல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஏதாவது ஒரு ஞாயிறு மூன்று மணிக்குக் கூப்பிடு. சீக்கிரம் கூப்பிடு.

நெட்டா


ஏப்ரல் 26, 2015

அன்புள்ள டெல்மாருக்கு,

உடம்பைக் கவனி. சாப்பிட்டாயா? சாப்பிடு.

ஆறு வாரம் ஒவ்வொரு ஞாயிறும் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ எழுதவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கோபம் நியாயம்தான் என்று உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் தேதி மணி அடித்ததும் எடுத்தேன்.

அப்பா வியாழக்கிழமை, பதினாறாம் தேதி மத்தியானம் போய்விட்டார் என்று சிறைப் பாதிரியார் உன்னிடம் சொல்லியிருப்பார். கஷ்டப்படவில்லை. சர்ச் நிறைய ஆள் வந்தார்கள். க்ளீட்டஸ் மனைவியும் வந்தாள், கடைசி வரைக்கும் இருந்தாள். மஞ்சள் தொப்பியைப் பெட்டிக்குள் வைத்தோம். அலுவலகத்திலிருந்து ஃபோன் செய்து, கடைசி நாள் எத்தனை மணி வரை வேலை என்று கேட்டார்கள். இரண்டு நாற்பது வரை என்று சொன்னேன்.

ஃபோனில் உனக்குக் கேட்டது மூச்சு மட்டும்தான். நீ பார்க்காததைச் சொல்ல வேண்டியது என் கடமை. ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்திருந்தேன். அவர் பேசி அப்போது பத்து நாள் ஆகியிருந்தது, கண்ணும் திறக்கவில்லை. நீ "அப்பா, நான் டெல்மார். ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சு, கிளம்பிட்டேன்" என்றாயே, அப்போது கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார். சிரித்தார், டெல்மார். உதட்டில் ஒரு பக்கம் மட்டும், நம் யாருக்கும் தெரியாமல் சிரிப்பாரே, அப்படி. நீ க்ளீட்டஸ் பெயரைச் சொல்லி அழுதபோதும் அந்தச் சிரிப்பு இருந்தது. ஒரு நிமிடம்தான் பாக்கி என்று மிஷின் குரல் வரும் வரைக்கும் இருந்தது.

உன் அக்கா,
நெட்டா


மே 17, 2015

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் மார்ச் கடிதம் வந்த பிறகு பேனாவைத் தொட முடியவில்லை. உன்னைத் திட்டி எழுதி எழுதிக் கிழித்தேன். கூப்பிடவும் இல்லை. அவர் என்னைக் கேட்கிறார் என்று தெரிந்தும் ஐந்து ஞாயிறுகளை நான் வீணாக்கினேன். அது உன் தப்பு இல்லை. அந்தக் கணக்கு என்னுடையது.

சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். அதைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். நம்பப் பார்க்கிறேன், அக்கா, முடியவில்லை. வெறுமனே தெருவைப் பார்க்கிறார் என்று எழுதியதும் இதே கைதான். அப்போது பொறாமையில் மறைத்தாய். இப்போது இரக்கப்பட்டு எழுதுகிறாயோ? அந்தப் பதினான்கு நிமிடமும் நான் கேட்டது மூச்சு மட்டும். அது யாருடைய மூச்சு என்றுகூட எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. தினமும் என்னைக் கேட்டார், தட்டை மூடி வைக்கச் சொன்னார் என்பதெல்லாம்கூட மனசு கேட்காமல் நீ கட்டிச் சொன்னதாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

உன்னைப் புண்படுத்த இதை எழுதவில்லை. அவர் கேட்கவில்லை என்ற பதிலோடு என்னால் வாழ்ந்திருக்க முடியும். ஒன்பது வருடம் அப்படித்தான் வாழ்ந்தேன். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் எப்படி வாழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முழங்காலைக் கவனி.

டெல்மார்


மே 31, 2015

என் தம்பி டெல்மாருக்கு,

முழங்கால் பரவாயில்லை. பழைய பள்ளிக்கூடத்தில் ஆகஸ்டிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

என் வார்த்தையை நீ நம்ப வேண்டாம். இத்துடன் ஒரு தாளை வைத்திருக்கிறேன். போன அக்டோபரில் திரும்பி வந்த டைம் ஷீட். அப்பா ஏதோ கிறுக்கிவிட்டார் என்று உனக்கு எழுதினேனே, அதுதான். கவனிக்காமல் அனுப்பிவிட்டேன் என்று எழுதியது உண்மை. ஆனால் திரும்பி வந்தபோது படித்தேன். அது மேஜை மேல் கிடக்க, அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் விசேஷம் ஒன்றும் இல்லை என்று உனக்கு எழுதினேன்.

சிவப்பு முத்திரையைப் பார். "தேவையற்ற எழுத்து உள்ளது, திருப்பி அனுப்பப்படுகிறது, அக்டோபர் 14, 2014." அந்தத் தேதி அலுவலகம் போட்டது. கீழே முதலாளி கையெழுத்து இடும் இடத்தைப் பார். கையெழுத்துக்கு மேலே ஃபவுண்டரி பலகையில் எழுதுகிற பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். அந்த எழுத்து உனக்குத் தெரியும், அதை யாராலும் கட்டிச் சொல்ல முடியாது.

"டெல்மார் டில்லரி இடத்தை யாருக்கும் கொடுக்காதே. அவன் வருவான். நான் பொறுப்பு. ஆர். டில்லரி, ஃபோர்மேன்."

வேலை செய்பவர் பெயர் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "சமையல் செய்யும் பெண்" என்று போட்டிருக்கிறார். பக்கத்தில் "நல்ல ஆள்" என்று எழுதியிருக்கிறார். அவர் என்னை நல்லவள் என்று சொன்னது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். அதை நெட்டாவிடம் சொல்லவில்லை என்றாலும் எனக்குப் போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தாளை நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டும் என்று இத்தனை நாள் பீரோவில் ஒளித்து வைத்திருந்தேன். அது உனக்கு வந்த கடிதம், வழியில் நான் பிடித்து வைத்துக்கொண்டேன்.

மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். எழுத ஒன்றும் வரவில்லை என்றால், பல் இருந்த இடம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
நெட்டா